சந்தை விலைக்கு மேல் கொடுத்தாலும் நிலத்தைத் தர ஏன் மறுக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அணை, விமான நிலையம், நெடுஞ்சாலை, ரயில் பாதை என்று எந்தப் பெரிய கட்டுமானம் வந்தாலும் நிலத்துக்காகச் சண்டை வருகிறது. இப்போதெல்லாம் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு, நான்கு மடங்குகூடக் கொடுக்கிறார்கள். அப்புறமும் ஏன் எதிர்ப்பு? விலையை ஏற்றுவதற்கான தந்திரமா?

விலையை ஏற்றுவதற்காகவே எதிர்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் நீடித்த, உயிர்கள் போன சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அவை விலையில் தொடங்கியவை அல்ல. திட்டம் எங்கே வரும் என்று முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே இருப்பவர்களிடம் போய்ச் சொல்கிறார்கள். இடத் தேர்வு, பாதை வரைதல், அளவை, அறிவிக்கை எல்லாம் முடிந்த பிறகே இழப்பீட்டுப் பேச்சு வருகிறது. அதற்குள் கோபம் ஊறிவிடுகிறது. பணம் வந்து அதைக் கரைப்பதில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜப்பானின் நரிட்டா விமான நிலையம். டோக்கியோவுக்கு இன்னொரு விமான நிலையம் தேவைப்பட்டது. அந்தத் தேவை உண்மையானதுதான். முதலில் டோமிசாட்டோ என்ற இடத்தைச் சொன்னார்கள். அங்கே கடும் எதிர்ப்பு. சரி என்று பக்கத்திலிருந்த சன்ரிசுக்காவுக்கு மாற்றினார்கள். அங்கே அரச குடும்பத்தின் மேய்ச்சல் பண்ணை இருந்தது. கொஞ்சம் நிலம் ஏற்கெனவே அரசின் கையில் இருப்பதால் மீதியைச் சுலபமாக வாங்கிவிடலாம் என்பது கணக்கு. 1966 ஜூலையில் அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. அங்கிருந்த விவசாயிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் பலர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்து குடியேறியவர்கள். ஜப்பான் பிடித்து வைத்திருந்த சீனாவின் மஞ்சூரியாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. காட்டை வெட்டி, வேரைத் தோண்டி, இருபது வருடம் பாடுபட்டு அந்த மண்ணைப் பயிர் மண்ணாக ஆக்கியிருந்தார்கள். பயிர் நன்றாக வரத் தொடங்கிய காலத்தில்தான் இந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. விவசாயிகளோடு மாணவர் இயக்கங்கள் சேர்ந்தன. 1971-இல் அரசு வலுக்கட்டாயமாக நிலத்தை எடுக்க இறங்கியது. அந்த மோதலில் மூன்று போலீசார் இறந்தார்கள். 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, எதிர்ப்பாளர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கினார்கள். விழா மே 20-க்குத் தள்ளிப்போனது. திட்டமிட்டது மூன்று ஓடுபாதைகள், திறந்தது ஒன்றே ஒன்று. 1991 முதல் 1994 வரை அரசும் விவசாயிகளும் நடுநிலையாளர்கள் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். இனி வலுக்கட்டாயமாக எடுக்க மாட்டோம் என்று அரசு ஒப்புக்கொண்டது. இரண்டாவது ஓடுபாதை 2002-இல்தான் வந்தது. 2,500 மீட்டர் இருக்க வேண்டியது 2,180 மீட்டரில் நின்றது, ஏனென்றால் மீதி நிலத்தை அதன் சொந்தக்காரர்கள் தரவில்லை. 2009-இல் எதிர்ப்பக்கமாக நீட்டித்துத்தான் 2,500 மீட்டர் ஆக்கினார்கள்.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு 1966-இல் ஓராண்டு செலவாகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இத்தனை ஆண்டுகள் போயின. ‘கலந்து பேசிக்கொண்டிருந்தால் திட்டம் தாமதமாகும்’ என்று சொல்பவர்களிடம் நான் நரிட்டாவின் தேதிகளைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இந்தியச் சட்டத்தின் கதையும் இதையேதான் காட்டுகிறது. 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. அதன் அவசர விதியைக் காட்டினால் ஆட்சேபம் கேட்கும் விசாரணையைக்கூடத் தவிர்த்துவிடலாம். அதற்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தின் மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகை பழைய சட்டத்தில் 30 விழுக்காடாக இருந்தது, இப்போது 100 விழுக்காடு ஆனது. கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை இரண்டு வரையிலான எண்ணால் பெருக்கவும் வழி வந்தது. நீங்கள் சொல்லும் ‘நான்கு மடங்கு’ இங்கிருந்து வருவதுதான். அதோடு இன்னும் இரண்டு வந்தன. நிலத்தை எடுப்பதற்கு முன்பே, யார் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று கணிக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, கிராமத்தில் பொது விசாரணை நடத்த வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு என்றால் நில உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினரும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 விழுக்காட்டினரும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் நான்காவது அட்டவணையில் 13 சட்டங்கள் விலக்கு பெற்றிருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், ரயில்வே சட்டம், மெட்ரோ ரயில் சட்டம், அணுசக்திச் சட்டம் எல்லாம் அதில் அடக்கம். அதாவது, நிலத்தை அதிகமாக எடுக்கும் துறைகள் பலவும் வெளியே. 2015-இல் ஓர் ஆணை போட்டு, புதிய சட்டத்தின் இழப்பீட்டையும் மறுகுடியமர்வையும் இந்த 13-க்கும் விரிவாக்கினார்கள். தாக்க மதிப்பீடும் சம்மதமும் விரிவாக்கப்படவில்லை. பணம் எல்லோருக்கும் கூடியது. கேட்பது மட்டும் கூடவில்லை. என் பார்வையில் இன்றைய சண்டைகள் பலவற்றின் வேர் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். 277 கிலோமீட்டர். நெடுஞ்சாலைச் சட்டத்தின் வழியே நிலமெடுப்பு. 2018-இல் நெல் வயலிலும் தென்னந்தோப்பிலும் அளவைக் கல் நட்டபோதுதான், தங்கள் நிலத்தில் பாதை போகிறது என்பதே பலருக்கு உறைத்தது. கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள், கைதானார்கள். எவ்வளவு தருவீர்கள் என்ற பேச்சுக்கே முதலில் இடம் இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மேற்கொண்டு செல்ல வழிவிட்டது. எட்டு மணி நேரம் ஓடி முடிந்துவிடும் ஒரு கிராமக் கூட்டத்தைத் தவிர்த்ததற்கு இத்தனை ஆண்டுகள்.

சரி, விலைக்கே வருவோம். ‘சந்தை விலை’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிகாரி சந்தைக்குப் போய் விலை கேட்பதில்லை. பதிவான பத்திரங்களைப் பார்க்கிறார், அரசின் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கிறார். முத்திரைக் கட்டணத்தைக் குறைக்க உண்மை விலையைவிடக் குறைத்துப் பதிவு செய்யும் பழக்கம் ஊரறிந்த விஷயம். ஆக, கணக்கின் அடித்தளமே தாழ்ந்து கிடக்கிறது. அதை இரண்டால் பெருக்கினால் உண்மை விலைக்குப் பக்கத்தில் வரலாம், வராமலும் போகலாம். தன் நிலத்தைப் பத்திரத்தில் குறைத்துக் காட்டியவருக்கு இது வேண்டியதுதான் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பாட்டன் காலத்து நிலத்தை விற்கவே நினைக்காமல் உழுதுகொண்டிருப்பவர் எந்தப் பொய்ப் பத்திரமும் போடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் போட்ட பத்திரம் இவர் விலையைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, ஒரு பகுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் கையில் பணத்தோடு நிலம் தேடினால், சுற்று வட்டார விலை எங்கே போகும்? திட்டம் வருகிறது என்ற செய்தியே விலையை ஏற்றிவிடுகிறது. இழப்பீடு கணக்கிடப்படுவதோ முதல் அறிவிக்கை நாளின் விலையில். பணம் கைக்கு வரும்போது இரண்டு ஏக்கர் கொடுத்தவரால் ஒரு ஏக்கர்கூட வாங்க முடியாத நிலை வரும். அப்புறம் கூட்டுப் பட்டா, பிரிக்காத பங்கு, இறந்துபோனவர் பெயரிலேயே இருக்கும் ஆவணம். அண்ணன் தம்பிகளுக்குள் ஒருவர் ஆட்சேபம் சொன்னால் தொகை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலம் மட்டும் உடனே போய்விடும். திட்டத்தை எதிர்த்துத் தொடங்கிய சண்டை இப்படிக் குடும்பத்துக்குள் திரும்பிவிடுவதைத்தான் நான் மிகவும் வருந்தத்தக்கதாக நினைக்கிறேன். சகோதரிகளின் பங்கு பல நேரங்களில் இந்தக் கட்டத்தில்தான் காணாமல் போகிறது.

இதெல்லாம் பெயரில் பத்திரம் இருப்பவர்களின் பிரச்சினை. பத்திரமே இல்லாதவர்கள்? விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுபவர், குத்தகைதாரர், கூலி வேலை செய்பவர், அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவர், ஏரியில் மீன் பிடிப்பவர், தலைமுறைகளாகப் புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்பவர். நிலத்தோடு இவர்கள் வாழ்க்கையும் போகிறது. இழப்பீட்டுப் பட்டியலில் பல நேரங்களில் பெயர் வருவதில்லை. உலக வங்கியில் பணியாற்றிய சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடம்பெயர்க்கப்படுகிறவர்கள் எப்படி ஏழைகளாகிறார்கள் என்பதை எட்டு வகையாகப் பிரித்துச் சொன்னார். நிலம், வேலை, வீடு ஆகிய மூன்றையும் இழப்பது நம் எல்லோருக்கும் உடனே தெரியும். ஓரங்கட்டப்படுதல், உணவுப் பற்றாக்குறை, நோயும் இறப்பும் கூடுதல், பொதுச் சொத்துகளை இழத்தல், சமூகம் சிதறிப்போதல் ஆகிய மற்ற ஐந்தையும் இழப்பீட்டுக் கணக்கு பெரும்பாலும் தொடுவதே இல்லை.

ஆப்பிரிக்காவின் ஜாம்பெசி ஆற்றில் கட்டிய கரிபா அணையில் இதை அப்படியே பார்க்கலாம். 1950-களின் இறுதியில் ஏறத்தாழ 57,000 டோங்கா மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். ஆற்றங்கரையில், வெள்ளம் வடிந்த ஈர மண்ணில் அவர்கள் தோட்டம் போடுவார்கள். மழைப் பயிர் பொய்த்த வருடத்திலும் அந்தத் தோட்டம் சோறு போட்டது. பத்திரம் கிடையாது, வழக்க உரிமைதான். கொண்டுபோய்விட்ட மேட்டு நிலத்தில் அப்படி ஒரு மண் இல்லை. நகர மறுத்த ஒரு கிராமத்தில் 1958-இல் போலீஸ் சுட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கடர் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் அந்த மக்களோடு 1956-இலேயே ஆய்வைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். இடம்பெயர்வின் விளைவு ஓரிரு வருடத்தில் தெரிந்துவிடாது, பேரப்பிள்ளைகள் காலம் வரை நீளும் என்பதை நாம் அறிந்ததில் அவர்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அணையின் மின்சாரம் முதலில் போனது செப்புச் சுரங்கங்களுக்கு.

நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணையில் நிலைமை வேறு. அங்கே காகிதத்தில் நல்ல விதி இருந்தது. 1979-இல் நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயம், நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் தர வேண்டும் என்றது. நிலத்துக்கு நிலம் என்ற அந்தக் கொள்கை அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் காட்டு நிலத்தில் தலைமுறைகளாக உழுத பழங்குடிகள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று பெயர் பெற்றார்கள். கால்வாய் வெட்டியதால் நிலம் இழந்தவர்கள் அணையால் பாதிக்கப்பட்டவர்களாகவே கணக்கில் வரவில்லை. நர்மதை பச்சாவோ அந்தோலன் (நர்மதையைக் காப்போம் இயக்கம்) நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, அணைக்குக் கடன் தந்த உலக வங்கி ஒரு தனிக் குழுவை அனுப்பியது. 1992-இல் அதன் அறிக்கை மறுகுடியமர்வில் பெரும் குறைகளைச் சொன்னது. 1993-இல் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா விலகிக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாகப் புகார் தர உலக வங்கி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்ததும் அந்த ஆண்டில்தான். நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2017-இல். தீர்ப்பாயம் சொல்லி 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சாலையும் ரயிலும் அணையிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. அணை ஊரையே எடுக்கும். சாலை ஊரைக் கிழிக்கும். கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று ஆகும். மிச்சம் கிடக்கும் முக்கோணத் துண்டில் ஏர் திரும்பாது. உயர்த்திப் போட்ட சாலை மழைநீர் ஓட்டத்தை மறித்து மேல்பக்கத்து வயலை ஊற வைக்கும், கீழ்ப்பக்கத்து ஏரிக்குத் தண்ணீர் வராது. நிலமே எடுக்கப்படாத அந்த விவசாயிக்கு எந்த இழப்பீடும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் போராட்டத்தில் முன்னால் நிற்பதைப் பார்த்து ‘இவருக்கு என்ன போயிற்று’ என்று கேட்பவர்கள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

‘பொதுக் காரியம்’ என்ற சொல்லும் ஒரு பெரிய சண்டைக்களம். மருத்துவமனைக்கு நிலம் தருவதும், சாலைக்கு என்று வாங்கி அதன் ஓரத்தில் தனியார் குடியிருப்பு கட்டுவதும் ஒன்றாகாது. உத்தரப் பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச் சாலையின் நீளம் 165 கிலோமீட்டர். சாலை போடும் நிறுவனத்துக்கு அதன் வழியில் ஐந்து இடங்களில் மொத்தம் 2,500 ஹெக்டேர் மேம்பாட்டு நிலம் தருவதும் ஒப்பந்தத்தில் இருந்தது. விவசாயிக்கு ஒரு விலை, அங்கே எழும் வீட்டு மனைக்கு இன்னொரு விலை. 2011 மே மாதம் பட்டா பார்சோல் கிராமத்தில் மோதல் வெடித்து கிராமத்தாரும் போலீசாரும் உயிரிழந்தார்கள். அதே மாவட்டத்தின் ஷாபேரி கிராமத்தில் 156 ஹெக்டேர் நிலமெடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவசர விதியைப் பயன்படுத்தித் தொழிற்சாலைக்கு என்று எடுத்த நிலம் வீடு கட்டும் நிறுவனங்களுக்குப் போயிருந்தது. 2013 சட்டம் வந்ததற்கு இந்தச் சம்பவங்களும் ஒரு காரணம்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம், வேலைவாய்ப்பும் வரி வருமானமும் பெருகும் என்று சொல்லி வீடுகளை எடுத்தது. சூசெட் கீலோ என்ற பெண்மணி வழக்குப் போட்டார். 2005-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரம் வென்றது. வீடுகள் போயின. திட்டமிட்ட கட்டுமானம் வரவில்லை, நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. இதைப் பார்த்து 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். யாரும் நிலம் தரவே மாட்டேன் என்றால் ரயிலும் ஓடாது, குடிநீர்க் குழாயும் வராது. நூறு பேர் ஒப்புக்கொண்ட பிறகு நூற்றியோராவது ஆள் மட்டும் பத்து மடங்கு கேட்டு மறிப்பதும் நடக்கும். பாதை முன்கூட்டியே கசிந்துவிட்டால் வெளியிலிருந்து வந்து நிலத்தை வாங்கிப் போடுகிறவர்களும், ஒரே இரவில் கொட்டகை போட்டு வீடு என்று கணக்குக் காட்டுகிறவர்களும் உண்டு. அதற்காகத்தான் ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு உரிமை இல்லை என்று அறிவிக்கும் முறை வந்தது. அரசுக்குக் கட்டாய நிலமெடுப்பு அதிகாரம் வேண்டும் என்பதே என் கருத்து. அதைக் கடைசியில் எடுக்க வேண்டும், முதல் நாளே நீட்டக் கூடாது.

எங்காவது நன்றாக நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். ஒருமுறை தரும் தொகையை விட்டுவிட்டு, வரும் பயனில் பங்கு தந்த இடங்களில் உறவு கெடாமல் இருப்பதைப் பார்க்கலாம். நார்வேயில் நீர்மின் நிலையம் இருக்கும் உள்ளாட்சிகளுக்கு அந்த மின்சாரத்தில் 10 விழுக்காடு வரை குறைந்த விலையில் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. கனடாவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் 1960-களின் அணைகள் மக்களைக் கேட்காமல் ஊர்களை மூழ்கடித்தன; அந்த வருத்தத்துக்குப் பதிலாக 1995-இல் அணை வருமானத்திலிருந்து அப்பகுதி மக்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். தாமதம்தான், ஆனால் அது இன்றும் நடக்கிறது.

ஆந்திராவின் அமராவதி இன்னொரு வழியைக் காட்டியது. 2015-இல் தலைநகருக்காக விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் நிலத்தைத் தாங்களே ஒப்படைத்தார்கள். பதிலுக்கு வளர்ச்சியடைந்த மனைகளும் பத்து ஆண்டு ஆண்டுத்தொகையும். நிலமில்லாக் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய். நிலமில்லாதவரையும் கணக்கில் சேர்த்தது நல்ல விஷயம். 2019-இல் ஆட்சி மாறி, மூன்று தலைநகரங்கள் என்ற பேச்சு வந்தது. வயலும் இல்லை, மனைக்கு மதிப்பும் இல்லை என்ற நிலையில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2024-இல் மறுபடியும் ஆட்சி மாறித்தான் வேலை தொடங்கியது. பயனில் பங்கு என்பது திட்டம் நின்றுபோகும் ஆபத்திலும் பங்கு. அந்த ஆபத்தை விவசாயி தலையில் மட்டும் ஏற்றாத ஒப்பந்தம் வேண்டும்.

கடைசியாக, திட்டமே தவறாகப் போனால் நிலம் என்ன ஆகும்? கனடாவில் மான்ட்ரியலுக்காக மிராபெல் என்ற இடத்தில் 1969-இல் 97,000 ஏக்கர் எடுத்தார்கள். 1975-இல் விமான நிலையம் திறந்தது. நினைத்த கூட்டம் வரவே இல்லை. 2004-இல் பயணிகள் விமானம் நின்றது. தேவைக்கு மேல் எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை 1980-களில் திருப்பித் தந்தார்கள், 11,000 ஏக்கரைத் தருவதாக அரசு அறிவித்தது 2006-இல். அதுவரை பல குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்தையே அரசிடம் வாடகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தன. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் கார் தொழிற்சாலைக்காக எடுத்த 997 ஏக்கரைத் திருப்பித் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. வரப்புகள் அழிந்துபோயிருந்ததால் யார் நிலம் எது என்பதையே புதிதாக அளந்து கல் நட வேண்டியிருந்தது. கான்கிரீட்டை உடைத்து அப்புறப்படுத்திய பிறகும், அதில் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் பயிர் ஏறாமல் கிடந்தது.